முகப்பு விளக்கைச் சீர்செய்தல்

மட்டாஞ்சேரிக் கடைவீதி குறுகலானது. அங்கு இரவில் செல்லும் பழைய ஆம்னி வேனின் முகப்பு விளக்கு சற்றே மேல்நோக்கியிருந்தாலும் எதிரே வருபவரின் கண் கூசும்; அவருக்கு வழி தெரியாது. இதனை வீட்டிலேயே திருத்தலாம்.

சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில், சுவருக்கு நேரே 25 அடி தள்ளி வண்டியை நிறுத்துக. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அவ்வுயரத்தில் சுவரில் கோடு வரைக. இருட்டியபின் தாழ்ஒளியை ஏற்றுக. ஒளியின் மேல்விளிம்பு கோட்டிற்கு 2 அல்லது 3 அங்குலம் கீழே விழவேண்டும். இல்லையேல், விளக்கை ஒட்டியுள்ள திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புக. எப்பக்கம் திருப்பினால் ஒளி இறங்குகிறது என்பதைச் சுவரே காட்டிவிடும்.

பின்புறம் இஞ்சி மூட்டைகளை ஏற்றினால் வண்டியின் முன்புறம் எழும், ஒளியும் எழும். பலர் இதை மறந்து, வெறும் வண்டியில் அளந்துவிடுகின்றனர். நாள்தோறும் சுமை ஏற்றும் வண்டியை அச்சுமையோடுதான் அளக்கவேண்டும்.