திறவாக் கோப்புகள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓலையில் எழுதியதைச் செல்லரித்தது. தாளில் எழுதியதை ஈரம் அழித்தது. கணினியில் எழுதியது என்றும் நிலைக்கும் என்று பலரும் நம்பினர். ஆனால், கால் நூற்றாண்டுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகள் பல இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. மென்பொருள் மேம்படும்போது பழைய கோப்புகள் ஏன் வாயடைத்துப் போகின்றன? அவற்றை மீண்டும் பேசவைப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

பெட்டிக்குள் ஒரு வரலாறு

மயிலாப்பூரில் ஒரு வீடு. அங்கு வாழும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பழைய பெட்டியொன்றில் நெகிழ்வட்டு ஒன்று கிடைக்கிறது என்று கொள்வோம். மறைந்த தாத்தா தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி, 1997ஆம் ஆண்டில் தியாகராய நகரிலுள்ள கணினி அச்சகம் ஒன்றில் தட்டச்சு செய்து வாங்கி வைத்திருந்தார். கையெழுத்துப்படி இப்போது இல்லை. அச்சிட்ட பக்கங்களுள் ஒன்று மட்டும் பாட்டியின் கைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

மாணவி நெகிழ்வட்டைப் படிக்கும் கருவியைத் தேடிப் பெற்று, கோப்பைத் தன் கணினிக்கு மாற்றுகிறாள். கோப்பு பழுதின்றி இருக்கிறது. ஆனால், திறந்தால் திரை முழுவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. எழுதியது எதுவும் அழியவில்லை. எனினும் ஒரு சொல்லைக்கூடப் படிக்க இயலவில்லை.

எழுத்தும் எண்ணும்

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என வகுத்துக்கொள்ளும் ஏற்பாடே குறியாக்கம் எனப்படும். அந்த எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. முற்காலக் கணினிகள் பயன்படுத்திய எட்டுபிட் முறையில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் பிற கட்டளைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன.

தமிழுக்கென்று தனியிடம் இல்லாத அந்நாளில், எழுத்துரு உருவாக்கியோர் ஓர் உத்தியைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தனர். எடுத்துக்காட்டாக, ‘பாமினி’ என்னும் எழுத்துருவில் ‘ஜே’ இருக்குமிடத்தில் தகரமும், ‘கே’ இருக்குமிடத்தில் மகரமும் வரையப்பட்டன. ஆகவே, கோப்பில் பதிந்திருப்பது ஆங்கிலம். திரையில் தெரிவது தமிழ். எழுத்துரு இல்லாத கணினிக்கு அக்கோப்பு சென்றால் வேடம் கலைந்துவிடும். மாணவியின் திரையில் தோன்றியது வேடம் கலைந்த தமிழே ஆகும்.

எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வோர் எழுத்துரு உருவாக்குநரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர். எனவே, ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் படிக்க முடியாத நிலை இருந்தது.

பொதுமைக்கான முயற்சிகள்

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாடு. அதன் பயனாக ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியாக்கங்களையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதே காலத்தில் உலகின் பல நாடுகளிலும் வாழ்ந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்னும் குறியாக்கத்தை உருவாக்கிப் பயன்படுத்தினர்.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறி வளர்ந்துவந்தது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ‘விண்டோஸ் 2000’ இயங்குதளம் தமிழ் ஒருங்குறியை ஏற்ற பின்னர் அதன் பயன்பாடு பரவத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்று, ‘டேஸ் 16’ என்பதை மாற்றுக் குறியாக்கமாக அறிவித்தது. இன்று கைப்பேசியில் அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தி உலகின் எம்மூலையிலும் தமிழாகவே தோன்றுவதற்கு ஒருங்குறியே காரணம்.

ஒவ்வொரு மாற்றமும் தேவையானதே, பயன் தந்ததே. ஆயினும், முந்தைய முறையில் எழுதிய கோப்புகள் தாமாக மாறிக்கொள்ளவில்லை. அவற்றை ஒருவர் எடுத்து மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாறு மாற்றாதவை பின்தங்கிவிட்டன.

இரண்டு பூட்டுகள்

எழுத்துரு ஒரு பூட்டு என்றால், மென்பொருள் மற்றொரு பூட்டு. தமிழக அச்சகங்களில் பெரிதும் வழங்கிய பக்க வடிவமைப்பு மென்பொருள் ‘பேஜ்மேக்கர்’. அதன் ஏழாம் பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. அதுவே கடைசிப் பதிப்பு. அதன் இடத்தைப் பிடித்த ‘இன்டிசைன்’ மென்பொருளின் முந்தைய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தன. பிந்தைய பதிப்புகளில் அவ்வசதி நீக்கப்பட்டது. கோப்பைத் திறந்தால் எழுத்துரு இல்லை. எழுத்துரு இருந்தால் கோப்பு திறப்பதில்லை. ஓர் அச்சகத்தின் பழைய கோப்புகளை மறுபதிப்புக்காகத் தேடுவோர் எதிர்கொள்ளும் துன்பம் இது.

இத்துன்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1086ஆம் ஆண்டு நிலவரங்களைத் தொகுத்துத் தோல்தாளில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ ஆவணத்தை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பிபிசி நிறுவனம் நாட்டின் நிலையைத் தொகுத்து ஒளிவட்டுகளில் பதிந்தது. பள்ளி மாணவர்களும் அப்பணியில் பங்கேற்றனர். அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகள் சில ஆண்டுகளிலேயே வழக்கொழிந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஆய்வாளர்கள் பெரிதும் முயன்றே அவற்றை மீட்டனர்.

தெரியுமா?

1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணை, னை, லை, ளை, றா முதலிய எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் அச்சான நூல்களை இன்றைய மாணவரும் சிறிது பழகினால் படித்துவிடலாம். மனிதர் இடமறிந்து ஊகிப்பர். கணினியோ தனக்குத் தந்த எண்ணை மட்டுமே பின்பற்றும்.

படியெடுத்தலே காத்தல்

பழந்தமிழ் நூல்கள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது, ஒரே ஓலை அத்தனை காலம் நிலைத்ததால் அன்று. ஓலை நைந்துபோகும் முன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியவர்கள் தலைமுறைதோறும் இருந்தனர். படியெடுக்க ஆளில்லாத நூல்கள் மறைந்தன. சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் இராது. அவற்றைப் படித்தறிந்து அச்சு வடிவம் தந்த உ.வே.சாமிநாதையர் போன்றோர், ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குத் தமிழை ஏற்றினர். அவர் தொகுத்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கணினிக் காலத்தில் அப்பணியைத் தொடர்ந்தோருள் ‘மதுரைத் திட்டம்’ தன்னார்வலர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய இத்திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கியது. திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றியதால் அவை இன்றும் பயன்படுகின்றன.

மீண்டும் பேசிய கோப்பு

மாணவியின் கோப்புக்கு என்ன ஆயிற்று? பாட்டி காத்துவைத்த அச்சுப் பக்கம் திறவுகோலாயிற்று. அதிலுள்ள சொற்களையும் திரையிலுள்ள குறிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவள், எழுத்துரு பாமினி என்று கண்டாள். எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினாள்.

மாற்றம் எளிய செயலன்று. ‘கொ’ என்னும் எழுத்து, பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகப் பதிந்திருக்கும். ஒருங்குறியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் வரும். மாற்றி இவ்வரிசையைப் பிழையின்றித் திருப்ப வேண்டும். தாத்தா பணியாற்றிய அலுவலகத்தின் பெயர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதையும் தமிழெனக் கருதிய மாற்றி, பொருளற்ற எழுத்துகளாக்கிவிட்டது. மாணவி மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தாள். தொடக்கத்தில் குழப்பமாகத் தெரிந்த அக்கோப்பில் அப்பெயர் மட்டும் தெளிவாக இருந்தது! பின்னர்ப் பாட்டி கேட்க, மாணவி உரக்கப் படித்தாள். பிழைகளைப் பாட்டி சொல்லச்சொல்லத் திருத்தினாள். மாலை நேரங்களில் தாத்தாவின் குரல் அவ்வீட்டில் மீண்டும் ஒலித்தது.

கோப்பைச் சேமித்துவிட்டால் கடமை முடிந்துவிடுவதில்லை. மென்பொருளை மேம்படுத்தும் முன் படியெடுத்தல், எழுத்துருவின் பெயரைக் குறித்துவைத்தல், ஒருங்குறியில் எழுதுதல், எந்த மென்பொருளாலும் திறக்கத்தக்க எளிய உரைக்கோப்பாகவும் ஒரு படி வைத்தல், மாற்றிய பின்னும் மூலத்தைக் காத்தல், இன்றியமையாதவற்றை அச்சிட்டு வைத்தல் ஆகியன இக்காலப் படியெடுப்போரின் கடமைகள். ஓலைக் காலத்தில் எழுத்தாணி பிடித்தோர் செய்த பணி இன்று விசைப்பலகை தொடும் ஒவ்வொருவரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைக் கண்டறிந்து, அதன் எழுத்துரு யாது எனக் குறிப்பு எழுதுக.
2. ‘கை’, ‘கோ’, ‘கௌ’ ஆகிய எழுத்துகளைத் திரையில் தோன்றும் வரிசையில் துண்டுகளாகப் பிரித்து, அவற்றை ஒருங்குறி வரிசையுடன் ஒப்பிடுக.
3. ‘சுவடியைப் படியெடுத்தலும் கோப்பினை மாற்றுதலும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.