தனித்திருக்கும் அம்மம்மாவுக்கு இலகுவான தொலைக்காட்சி

இடப்பெயர்வு பல குடும்பங்களைப் பிரித்துவிட்டது. பிள்ளைகள் போய்ச் சேர்ந்த ஊரிலேயே தொழில் தேடித் தங்கிவிட்டார்கள். காணியையும் கிணற்றையும் கைவிட மனமில்லாத அம்மம்மா மட்டும் ஊர் திரும்பித் தனியே வாழ்கிறார். கோயிலுக்கு நடக்க முழங்கால் இடங்கொடுக்காது. பிள்ளைகள் இணைய வசதியுள்ள தொலைக்காட்சி ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு கிழமைக்குள் அது துணியால் மூடப்பட்டுவிடுகிறது. "எனக்கு உது விளங்காது மோனை" என்கிறார்.

பிழை அவருடையதல்ல. அவர் கேட்டது ஞாயிறு பூசையும் செய்தியும் பழைய பாட்டும்தான். நாம் கொடுத்ததோ ஐம்பது படங்கள் நிறைந்த திரை.

செய்ய வேண்டியவை:

1. அவருக்கு விருப்பமான மூன்று நிகழ்ச்சிகளைக் கேட்டறியுங்கள். தேவையற்ற செயலிகளை அகற்றி, யூடியூப்பை முதலாவதாக வையுங்கள்.

2. ரிமோட்டில் அவருக்குத் தேவையான பொத்தான்கள் சிலவே. மின் பொத்தானுக்குச் சிவப்பு, 'ஓகே' பொத்தானுக்கு வெள்ளை என நகப்பூச்சால் அடையாளமிடுங்கள். அதே நிறங்களில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

3. யூடியூப் அமைப்புகளில் தொலைக்காட்சிக் குறியீடு என 12 இலக்கங்கள் தோன்றும். அதனை உங்கள் கைத்தொலைபேசியின் யூடியூப்பில் பதியுங்கள். அதன்பின் அவர் பெட்டியைப் போட்டு யூடியூப்பைத் திறந்தால் போதும். தூர ஊரிலிருந்தே பூசையை நீங்கள் போட்டுவிடலாம். தொடர்பு அறுந்தால், அவர் இலக்கங்களைத் தொலைபேசியில் வாசிக்க, நீங்கள் மீண்டும் பதியலாம்.

4. ஒன்று முடிய மற்றொன்று தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். அவர் கண்ணயர்ந்தாலும் டேட்டா வீணாகாது. உயர்தரப் படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கலாம். குறைந்த தரம் 1 ஜிபிக்குள் அடங்கும்.

5. பழக்கும்போது ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும். பறித்து நீங்கள் அழுத்தினால் அவர் பழகமாட்டார். மூன்று தரம் தாமாகவே செய்யும்வரை பொறுத்திருங்கள்.

எச்சரிக்கை: வங்கி அட்டை இலக்கத்தைப் பெட்டியில் பதிய வேண்டாம். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் எந்த இலக்கத்தைக் கேட்டாலும் சொல்லக்கூடாது என அவருக்கு விளக்குங்கள்.

பெட்டி பேசும், ஆனால் "சாப்பிட்டீங்களா அம்மம்மா?" என்று கேட்காது. பூசை முடிந்ததும் நீங்கள் அழைத்துப் பேசுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை போய், வேலி அடைத்துக் கொடுத்து வாருங்கள். நான்காம் கட்டளை நம்மிடம் கேட்பதும் அதுவே.

கலந்துரையாட:

1. நம் குடும்பத்தில் தனியே வாழும் முதியவர் யார்? அவருடன் கடைசியாக எப்போது பேசினோம்?

2. அயலில் தனித்திருக்கும் ஒருவருக்கு நம் பிள்ளைகள் எவ்வாறு உதவலாம்?