தெருவோரத்தில் ஓர் இடம்

பெருநகரங்களில் காரை ஓட்டுவதினும் அதனை நிறுத்துவதே அரிய செயலாகிவிட்டது. ஓடும் வண்டிக்குத் தெரு வழிவிடும். நிற்க விரும்பும் வண்டிக்கோ அதே தெரு இடந்தர மறுக்கும். கடைத்தெருவின் ஓரத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றின் நடுவே ஒரேயோர் இடைவெளி இருக்கிறது. அதனுள் தம் காரைப் புகுத்த ஒருவர் முயல்கிறார். பின்னே வரும் வண்டிகள் ஓயாது ஒலி எழுப்புகின்றன. நடைபாதையில் செல்வோர் நின்று நோக்குகின்றனர். அவர் கை பதறுகிறது. அப்பதற்றத்தில், காரின் பின்னே கடந்து செல்லும் குழந்தையை அவர் காணத் தவறினால் என்ன ஆகும்? எளிய செயலாகத் தோன்றும் இதில் உயிர்க்காப்பும் அடங்கியிருக்கிறது.

தெருவின் விளிம்பிற்கு இணையாகக் காரை நிறுத்துவோர், இடைவெளிக்குள் பின்னோக்கிச் சென்றே புகுகின்றனர். இதற்குத் தக்க காரணம் உண்டு. பெரும்பாலான கார்களில் முன்சக்கரங்களே இருபுறமும் திரும்ப வல்லவை. பின்சக்கரங்கள் நேரே உருள்வன. ஆகவே சிறிய இடைவெளியில் முன்னோக்கிப் புகுந்தால், காரின் தலை உள்ளே செல்லும். வால் தெருவிலேயே தங்கிவிடும். பின்னோக்கிச் செல்லும்போது நிலைமை மாறுகிறது. கப்பலின் பின்முனையில் உள்ள சுக்கான் கப்பலைத் திருப்புகின்றதன்றோ? அதுபோலவே, திரும்பும் சக்கரங்கள் இப்போது செல்லும் திசைக்குப் பின்னால் அமைகின்றன. வால் முதலில் இடைவெளிக்குள் நுழைகிறது. அதன்பின் தலையை எளிதாக உள்ளே கொணரலாம்.

இந்தியாவைப் போன்று சாலையின் இடப்பக்கம் செல்லும் நாடுகளில், இடப்புறத்து இடைவெளியில் காரை நிறுத்தும் முறை இதுவாகும். முதலில், இடைவெளிக்கு முன்னுள்ள காரின் பக்கத்தில் அதற்கு இணையாக நிற்றல் வேண்டும். பின்னர், ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பி மெல்லப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். கார் சாய்வாக உட்புகுந்து, அதன் முன்மூலை பக்கத்துக் காரின் பின்மூலையைக் கடந்ததும், ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் முன்பகுதி உள்ளே வந்து சேரும். இம்முறைக்கு விரைவே பகை. கண்ணாடிகளை மட்டும் நம்பாமல், தலையைத் திருப்பிப் பின்புறத்தையும் இருபுறங்களையும் பலமுறை பார்ப்பவரே திறமையுடையவர்.

இடர்ப்பாடு மிகுந்த நகருக்கு அமெரிக்க நாட்டின் சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்காட்டாகக் கூறலாம். மூன்று புறமும் நீர் சூழ்ந்த அந்நகரம் குன்றுகளின்மேல் அமைந்தது. அங்கு நிறுத்திய கார் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று கவலையற்றிருக்க முடியாது. பிடி தளர்ந்தால் அது தானே உருண்டோடிக் கீழே வருவோர்மீது மோதக்கூடும். ஆதலால், 100 அடித் தொலைவிற்கு 3 அடிக்கு மேல் சரியும் தெருக்களில், முன்சக்கரங்களைத் திருப்பி வைத்தல் வேண்டும் என்பது அந்நகரின் விதி. இறக்கத்தை நோக்கி நிற்கும் காரின் சக்கரங்கள் நடைபாதைப் பக்கமாகத் திரும்பியிருத்தல் வேண்டும். ஏற்றத்தை நோக்கி நிற்பின் அவை தெருப்பக்கமாகத் திரும்பியிருத்தல் வேண்டும். கார் நழுவினாலும் சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டி நின்றுவிடும். ஒரு சிறு திருப்பம், அறிமுகமற்ற எத்தனையோ பேரைக் காக்கிறது!

நிறுத்தும் திறமை இருந்தும் இடமே இல்லையெனில் என் செய்வது? இவ்வினா மிகப் பழையது. அமெரிக்காவின் ஒக்லகோமா நகரில், கடைகளில் வேலை செய்வோரின் கார்களே நாள் முழுவதும் கடைவாயிலை அடைத்து நின்றன. பொருள் வாங்க வந்தோர்க்கு இடம் கிடைக்கவில்லை. இதனைக் களைய, செய்தித்தாள் ஆசிரியரான கார்ல் மேகி என்பவர் முயன்றார். அதன் பயனாக 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் அந்நகரில் முதல் நிறுத்தக் கட்டண மீட்டர் நாட்டப்பட்டது. காசு இட்டவர், அக்காசுக்குரிய நேரம் வரையில் அங்கே நிற்கலாம். சான்பிரான்சிஸ்கோ நகரமோ 2011ஆம் ஆண்டு மேலும் ஒருபடி சென்றது. இடம் கிடைக்காத தெருவில் கட்டணத்தை உயர்த்தியும், இடம் வெறுமையாகக் கிடந்த தெருவில் அதனைக் குறைத்தும் பார்த்தது. ஒவ்வொரு தெருவிலும் சில இடங்களேனும் ஒழிந்திருந்தால், இடந்தேடிச் சுற்றித் திரியும் கார்கள் குறையும் என்பதே அதன் நோக்கம்.

அறிவியலும் இத்துறையில் துணைக்கு வந்துள்ளது. தானே ஸ்டியரிங்கைத் திருப்பி இடைவெளிக்குள் புகும் கருவியைக் கொண்ட டொயோட்டா பிரியஸ் கார் 2003ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தடையை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவிகளும், பின்புறத்தைக் காட்டும் கேமராக்களும் இன்று பல கார்களில் உள்ளன. ஆயினும், இரண்டு கார்களுக்குரிய இடத்தை ஒரே கார் அடைத்து நிற்பதை எக்கருவி தடுக்கும்? 'ஒரு நொடிதானே' என்று நடுத்தெருவில் காரை நிறுத்திப் பேருந்தை மறிப்பவரை எக்கருவி திருத்தும்? நடைபாதையில் ஏறி நிற்கும் காரால், முதியவர் வண்டிகள் விரையும் சாலையில் இறங்கி நடக்க நேர்கிறதே, அதற்கு யார் பொறுப்பு?

தெரு எவர்க்கும் தனியுடைமை அன்று. கார் உடையவர்க்கு உள்ள உரிமை, நடந்து செல்பவர்க்கும் மிதிவண்டியில் செல்பவர்க்கும் உண்டு. அங்கே காரை நிறுத்துபவர் பொது இடத்தைச் சிறிது நேரம் கடனாகப் பெறுகின்றார். தமக்கு வேண்டிய அளவே கொள்ளுதல், கொண்டதை உரிய காலத்தில் விடுதல், பிறர் வழியை மறியாதிருத்தல் ஆகிய மூன்றும் அக்கடனைப் பெறுவோரின் கடமைகளாகும். வேறொருவர் இடைவெளிக்குள் புகத் தடுமாறும்போது ஒலி எழுப்பாமல் சற்றே காத்திருத்தலும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கதே. கைத்திறன் காரை இடைவெளிக்குள் சேர்க்கும். பிறர்நலம் பேணும் பண்பே நகரத்தை வாழத்தக்க இடமாக்கும்.