ஆய்வுப் படிவமும் போலிப் பதில்களும்

கைபேசியில் வரும் ஆய்வுப் படிவத்தை நிரப்பி அனுப்பிய பின்னும் தொலைபேசியில் அழைத்து ஏன் சரிபார்க்கிறீர்கள் என்று நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு.

பங்கேற்போருக்குச் சிறு தொகை உண்டு என்றால், படிவத்தின் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிடுகிறது. நோயில்லாதவர்களும் பதிலளிக்கின்றனர், ஒருவரே பல பெயர்களில் அனுப்புகிறார், கணினி நிரல்கள் நொடிகளில் நிரப்புகின்றன.

சோமனூர் விசைத்தறித் தொழிலாளருள் நீரிழிவுள்ள 100 பேரில் 40 பேருக்குக் கால் மரத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இல்லை' என்று 100 போலிப் பதில்கள் சேர்ந்தால், 40 விழுக்காடு 20 ஆகிவிடும். அதை நம்பித் திட்டமிட்டால், பாதப் பராமரிப்புக்கான ஏற்பாடும் சுருங்கும்.

ஆகவே, நள்ளிரவில் மொத்தமாகக் குவியும் பதில்களையும், எழுத்து மாறாமல் ஒத்திருக்கும் விடைகளையும், வயதும் பிறந்த ஆண்டும் முரண்படுவதையும் கவனிக்கிறோம். ஐயமிருந்தால் புறநோயாளர் சீட்டு எண்ணைக் கேட்கிறோம். ஒரு முரணுக்காக மட்டும் எவரையும் நீக்குவதில்லை. பாட்டியின் படிவத்தைப் பேரன் நிரப்பும்போது பிறந்த ஆண்டு பிழையாவது நம் வீடுகளில் இயல்புதானே! கணவன் மனைவி இருவரும் ஒரே கைபேசியிலிருந்து அனுப்புவதும் அப்படியே.

நீங்களும் எங்களைச் சரிபார்க்கலாம். மருந்துச் சோதனையாயின், 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகத்தின் எண்ணைக் கேளுங்கள். பிற ஆய்வுகளுக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதலைக் கேளுங்கள். எந்த ஆய்வுக்கும் வங்கிக் கடவுச்சொல்லோ பணப் பரிமாற்ற ஓடிபியோ தேவையில்லை. எவரேனும் கேட்டுப் பெற்றுப் பணத்தை எடுத்துவிட்டால், உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.