தாபா காய்கறியும் கசடும்

கேள்வி: கொல்கத்தாவின் தாபா பகுதியில் சாக்கடை நீரிலும் கசடிலும் விளையும் காய்கறிகளில் உலோக நஞ்சு உண்டாமே, தடுக்கச் சட்டம் இல்லையா?

பதில்: இருக்கிறது, மூட்டையில் அடைத்து விற்கும் உரத்துக்கு! 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, நகரக் குப்பை உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100-ஐத் தாண்டக்கூடாது. வாய்க்காலில் வாரி நேராக வயலில் கொட்டும் கருஞ்சேற்றை யார் அளப்பது? ஐரோப்பாவில் 1986-லேயே கசடுக்கும், அது விழும் மண்ணுக்கும் சேர்த்து வரம்பு வைத்துவிட்டார்கள். அதுதான் சரியான முறை.

அந்தச் சேற்றில் குரோமியம் கலக்கக் காரணமான, கொல்கத்தாவின் தாங்ரா, தோப்சியா, தில்ஜலா தோல் பதனிடும் ஆலைகளை இடம் மாற்ற 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போன இடம் பான்தலா. அதுவும் 2002-இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தின் ஓரம்தான்! ஆலை போனாலும், மண்ணில் படிந்த குரோமியம் போகாது. நல்லவேளையாக, அதில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். செடிக்குள் எளிதாக ஏறுவது காட்மியம். பழங்களைவிடக் கீரைகளே அதை அதிகம் உறிஞ்சும். ஆகவே லால் ஷாக் எனும் சிவப்புக் கீரையை நன்றாக அலசுங்கள், ஒட்டிய சேறு போகும். உள்ளே ஏறியது கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால் தினமும் ஒரே இடத்துக் கீரையை வாங்காதீர்கள்.