கோழி வளர்க்கலாமா? வீட்டில் கூடிப் பேசுவோம்

அடுகோடி நெருக்கமான ஊர். ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டியே இருக்கும். பல வீடுகளில் வாசலைத் தாண்டினால் தெருதான். ஆனாலும் சில வீடுகளின் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே துணி துவைக்கும் கல் இருக்கும். ஒரு முருங்கை மரம் இருக்கும். அந்த இடத்தில் நாலு கோழி வளர்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். வீட்டுப் புழக்கடையில் இப்படி வளர்ப்பதை, கால்நடைத் துறையினர் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்று சொல்வார்கள்.

கால்நடை வளர்ப்பு நம் ஊருக்குப் புதிது அல்ல. தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் தென்னக மையம் அடுகோடியில்தான் இருக்கிறது. அது 1923ஆம் ஆண்டு தொடங்கியது. 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கே வந்தார். மாடு வளர்ப்பைப் பற்றிக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 57. கற்றுக்கொள்ள வயது தடை இல்லை.

கிராமத்தில் கோழி தானாக மேயும். புழு, பூச்சி, சிந்திய தானியம் எல்லாம் தின்னும். மாலையில் தானாகக் கூட்டுக்கு வரும். நகரத்தில் அப்படி இல்லை. நாம் வைத்தால்தான் தண்ணீர். நாம் போட்டால்தான் தீவனம். ஆகவே கோழி வாங்கும் முன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேச வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்த பேச்சு

மாமியார்: ஏம்மா, பின்னாடி இடம் சும்மாதானே கெடக்கு. நாலு கோழி வாங்கி விடலாமா?

மருமகள்: வாங்கலாம் அத்தை. ஆனா யாரு பாத்துக்கிறது? நான் காலையில ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பணும்.

மகன்: இதுல என்ன பெரிய வேலை? கொஞ்சம் அரிசி போட்டா அதுவே மேஞ்சுக்கும்.

மருமகள்: எங்கங்க மேயும்? ரோட்டுலயா? பஸ்ஸு, ஆட்டோ எல்லாம் போகுது. கூட்டுலதான் வெக்கணும். கூட்டைத் தினமும் யாரு கூட்டுறது?

மகன்: அம்மா பாத்துப்பாங்க.

மாமியார்: எனக்கு முழங்கால் வலிடா. குனிஞ்சு கூட்ட முடியாது.

பேத்தி: பாட்டி, நான் தண்ணி வெக்கிறேன். ஆனா எனக்கும் முட்டை வேணும். அண்ணனுக்கு மட்டும் குடுக்கக் கூடாது.

எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லோருக்கும் கோழி வளர்க்க ஆசைதான். ஆனால் வேலையைப் பற்றியும், முட்டையைப் பற்றியும் இதுவரை யாரும் வாய் திறந்து பேசவில்லை. நாம் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

முதல் கேள்வி: வேலை யாருக்கு?

காலையில் கூட்டைத் திறக்க வேண்டும். எச்சத்தை வாரிக் கூட்டைக் கூட்ட வேண்டும். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். தீவனம் போட வேண்டும். மாலையில் முட்டை எடுத்து, கோழிகளைக் கூட்டில் அடைக்க வேண்டும். நாய், பூனை, கீரி நுழையாமல் கதவைச் சாத்த வேண்டும்.

காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். ஒரு மாதத்துக்கு 15 மணி நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்த வேலைக்கு லீவு கிடையாது. ஊருக்குப் போனால் வேறு யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும்.

தண்ணீரையும் யோசிக்க வேண்டும். நாலு கோழிக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வேண்டும். கோடையில் இன்னும் அதிகம். கழுவுவதற்குத் தனி. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில் வந்த தண்ணீர்ப் பஞ்சம் நமக்கு மறக்காது. குடம் தூக்குவது பெரும்பாலும் பெண்கள்தான்.

இரண்டாவது கேள்வி: முட்டை யாருக்கு?

நாட்டுக்கோழி ஓர் ஆண்டில் ஏறக்குறைய 60, 70 முட்டை இடும். அடைகாக்க உட்கார்ந்தால் முட்டையிடுவதை நிறுத்திவிடும். 21 நாளில் குஞ்சு பொரியும். அதன்பின் குஞ்சுகளோடு திரியும்.

கிரிராஜா என்று ஓர் இனம் உண்டு. அதைப் பெங்களூர் ஹெப்பாளத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவாக்கினார்கள். வீட்டில் வளர்ப்பதற்கு ஏற்றது. அது ஓர் ஆண்டில் 130 முதல் 150 முட்டை வரை இடும்.

நாலு கிரிராஜாக் கோழி இருந்தால் ஆண்டுக்கு 520 முட்டை கிடைக்கும் என்று கொள்வோம். வாரத்துக்கு 10 முட்டை. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு வாரம் 2 முட்டை. இது நியாயமான கணக்கு. ஆனால் பல வீடுகளில் இந்தக் கணக்கு நடப்பதில்லை. அப்பாவுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று. மீதி இருந்தால் பெண்ணுக்கு. அம்மாவுக்குக் குழம்பு மட்டும்.

ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. வளரும் பெண்ணுக்கும் அது வேண்டும். கர்ப்பிணிக்கும் வேண்டும். கூடு கூட்டி, குடம் தூக்கும் அம்மாவுக்கும் வேண்டும். கர்நாடக அரசுப் பள்ளிகளில் மதிய உணவோடு முட்டை தருகிறார்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அங்கே பையனுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு என்று இல்லை. வீட்டிலும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

சிலர் முட்டையை விற்பார்கள். அந்தக் காசு யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் பேச வேண்டும். இதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே 1980களில் பிராக் என்ற தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து கிராமத்துப் பெண்களுக்குக் கோழி வளர்ப்பில் உதவி செய்தன. சில பெண்கள் கோழிக்குத் தடுப்பூசி போடவே பயிற்சி பெற்றார்கள். அதற்குக் கூலியும் வாங்கினார்கள். வீட்டு வேலையாக இருந்தது ஒரு தொழிலாக மாறியது. பெண்கள் கையில் காசு வந்தது.

மூன்றாவது கேள்வி: பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்?

விடியும் முன்பே சேவல் கூவும். இரவு வேலை முடித்து வந்து படுப்பவருக்கு அது தொல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டை இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். சாப்பிடத் தடை இல்லை. நகரத்தில் சேவல் வேண்டாம்.

அடுத்தது நாற்றம். எச்சத்தைத் தினமும் வாரினால் நாற்றம் குறையும். கூட்டின் அடியில் மரத்தூள் அல்லது உமி போடலாம். ஈரமானால் மாற்ற வேண்டும். சிந்திய தீவனத்தை இரவில் விட்டுவைத்தால் எலி வரும். எலியால் எலிக்காய்ச்சல் வரும். அது நம் வீட்டோடு நிற்காது.

பக்கத்து வீட்டார் சைவமாக இருக்கலாம். அவர்களிடம் முன்கூட்டியே சொல்வது மரியாதை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். மாநகராட்சி விதியையும் வார்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். உங்கள் தெரு எதில் வருகிறது என்பதையும் கேளுங்கள்.

நான்காவது கேள்வி: நோய் வந்தால்?

கோழிக்கு வரும் கொடிய நோய் வெள்ளைக் கழிச்சல். இதை ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். ராணிக்கெட் என்பது வடக்கே உள்ள ஒரு மலை ஊரின் பெயர். இந்த நோய் வந்த கோழி பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சு வாங்கும். கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் இதற்கு மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் வழி. குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் சொட்டு மருந்து விடுவார்கள். எட்டாவது வாரத்தில் ஊசி போடுவார்கள்.

ஒரு குப்பி தடுப்பு மருந்து பல கோழிகளுக்கு ஆனது. கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே கோழி வளர்ப்பவர்கள் நாலைந்து வீடு சேர்ந்து கால்நடை மருத்துவமனைக்குப் போவது நல்லது. அல்லது ஊசி போட்ட, வளர்ந்த கோழியாகக் கேட்டு வாங்கலாம்.

பறவைக் காய்ச்சல் இன்னொரு நோய். 2012ஆம் ஆண்டு பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில், மத்திய அரசின் கோழிப்பண்ணையில் அது வந்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் பெங்களூர் தாசரஹள்ளியில் வந்தது. நோய் பரவாமல் இருக்க, இப்படி வந்த இடத்தில் உள்ள கோழிகளை எல்லாம் கொன்று புதைத்துவிடுவார்கள். கோழிகள் திடீரென்று செத்தால் வெறும் கையால் தொடாதீர்கள். சமைக்காதீர்கள். சாக்கடையில் வீசாதீர்கள். உடனே அரசு கால்நடை மருத்துவமனையில் சொல்லுங்கள்.

கோழி நலமாகத் தெரிந்தாலும் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது வயிற்றுப்போக்கைத் தரும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் கோழியை முத்தமிட விடாதீர்கள். முட்டையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

ஐந்தாவது கேள்வி: கிழடான பிறகு?

கோழி முதல் இரண்டு ஆண்டு நன்றாக முட்டை இடும். பிறகு குறையும். ஆனால் இன்னும் பல ஆண்டு உயிரோடு இருக்கும். அப்போது என்ன செய்வது? சிலர் குழம்பு வைப்பார்கள். சிலர் விற்பார்கள். சிலர் சாகும்வரை வைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் கோழிக்குப் பெயர் வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் அதைத்தான் தேடுவார்கள். ஒரு நாள் அது இல்லை, சட்டியில் இருக்கிறது என்றால் அவர்கள் மனம் உடையும். என்ன செய்யப் போகிறோம் என்பதை வாங்கும் நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

என் கருத்து

என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

வேலையைச் செய்யப் போகிறவர் யாரோ, அவருடைய பேச்சை முதலில் கேட்க வேண்டும். அவர் முடியாது என்றால் கோழி வேண்டாம். கடையில் முட்டை வாங்கிச் சாப்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை. அவர் சரி என்றால் மற்றவர்கள் வேலையைப் பங்கு போட வேண்டும். கூடு கூட்டுவது ஆண் செய்யக் கூடாத வேலை அல்ல. முட்டையும் எல்லோருக்கும் சமமாக வர வேண்டும்.

'வீட்டுக்குப் பெரியவர் சொன்னால் போதும், எல்லோரையும் கேட்டால் எந்தக் காரியமும் நடக்காது' என்று சிலர் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பேசிக்கொண்டே இருந்தால் காரியம் நடக்காதுதான். ஆனால் பேசாமல் தொடங்கிய காரியம் பாதியில் நிற்கும். கோழி என்றால் பட்டினி கிடக்கும்.

முன்பு வீட்டில் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை. 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பிறகு சண்டை வரும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு தாளில் வேலையையும், அதற்கு எதிரே செய்பவரின் பெயரையும் எழுதுங்கள். முட்டைப் பங்கையும் எழுதுங்கள். சுவரில் ஒட்டுங்கள். தையல் மெஷின் வாங்குவது, வீடு மாறுவது, பெண்ணை மேலே படிக்க வைப்பது, எல்லாவற்றுக்கும் இப்படி உட்கார்ந்து பேசி எழுதலாம்.

எழுதுவோம்

கூடு கூட்டுபவர்: ………………
தண்ணீர் வைப்பவர்: ………………
தீவனம் போடுபவர்: ………………
மாலையில் கூட்டை அடைப்பவர்: ………………
ஊருக்குப் போனால் பார்ப்பவர்: ………………
முட்டைக் காசு யார் கையில்: ………………

கணக்குப் போடுவோம்

1. ஒரு கோழி ஒரு நாளைக்கு 100 கிராம் தீவனம் தின்னும். 4 கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? 30 நாளைக்கு எத்தனை கிலோ?

2. உங்கள் தெருக் கடையில் ஒரு கிலோ கோழித் தீவனம் என்ன விலை? ஒரு மாதத்துக்கு என்ன செலவு?

3. மாதம் 40 முட்டை கிடைக்கிறது. அதே 40 முட்டையைக் கடையில் வாங்கினால் என்ன விலை? எது லாபம்? அரை மணி நேர வேலைக்குக் கூலி போட்டீர்களா?

சொற்களைப் படிப்போம்

பெட்டைக்கோழி, சேவல், குஞ்சு, அடைகாத்தல், தீவனம், எச்சம், தடுப்பூசி, வெள்ளைக் கழிச்சல், மாநகராட்சி, கால்நடை மருத்துவமனை.

பேசுவோம்

1. மேலே படித்த வீட்டில் மருமகள் சொன்னது சரியா? மகன் சொன்னது சரியா?

2. பேத்தி ஏன் சிரிக்கவில்லை?

3. உங்கள் வீட்டில் கடைசியாக எடுத்த பெரிய முடிவு எது? அப்போது யார் பேசினார்கள்? யார் பேசவில்லை?