விராலுக்கு எந்தத் தூண்டில்?

பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் நம் கூட்டங்களில் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ரோகு, கட்லா குஞ்சு விட்டோம். ஐப்பசி மழையில வரத்து வாய்க்கால் வழியா விரால் ஏறிடுச்சு. குஞ்சுல பாதி காணோம். என்ன பண்றது?"

வலை போடலாம் என்றால் கோரையிலும் அல்லிக்கொடியிலும் வலை சிக்கும். விராலோ அடிச் சேற்றில் பதுங்கிவிடும். தண்ணீரை இறைத்துவிடலாம் என்றால், அது நாம் மழை நாளில் பாடுபட்டுப் பிடித்து வைத்த தண்ணீர். விஷம் கலக்கலாம், கரண்ட் வைக்கலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சட்டப்படி குற்றம், செய்கிறவர் உயிருக்கும் ஆபத்து. மிஞ்சுவது தூண்டில். வேண்டிய மீனை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாததை உயிரோடு திருப்பி விடக்கூடிய கருவி அது. சரியானதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் ஒரு சின்னக் குட்டையை ஒரே ஆள் சமாளிக்கலாம். நான் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே கழனி வைத்திருக்கிறேன். என் குட்டையிலும் பக்கத்து ஏரியிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விரால் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடையது ஏரி மாவட்டம். ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டினால் அடுத்த ஏரிக்குப் போகும். தென்னேரி, தாமல், உத்திரமேரூர் என்று பெரிய ஏரிகளும் அவற்றோடு சேர்ந்த சங்கிலி ஏரிகளும் இங்கே நிறைய. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனி வாரியமே இருக்கிறது. தண்ணீர் போகிற வழியில் மீனும் போகும். விராலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது காற்றைச் சுவாசிக்கும். ஈரமிருந்தால் வரப்பைக்கூடத் தாண்டும். பூச்சிமருந்து நின்ற கழனிகளில் தவளை, நண்டு, சின்ன மீன் எல்லாம் திரும்பி வருகின்றன. அவற்றைத் தேடி விராலும் வருகிறது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் மீனுக்குக் கொடிய விஷம். இன்றும் கடையில் கிடைக்கிற பைரித்ராய்டு வகை மருந்துகளும் மீனுக்கு அப்படித்தான். ஆகவே உங்கள் குட்டையில் விரால் இருந்தால், அதை ஒரு நற்சான்றாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

தூண்டில் பற்றிப் படிக்கப் போனால் கிடைக்கிற பாடங்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் பாஸ் மீனைப் பற்றியது. நன்னீரில் வாழும் பெரிய வாய் மீன் அது. களைச் செடிக்குள் மறைந்திருந்து, கிட்டே வரும் இரையைப் பாய்ந்து விழுங்கும். நம்ம விராலும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் அந்தப் பாடத்தில் பாதி நமக்குப் பொருந்தும், மீதியை மாற்றிக்கொள்ள வேண்டும். (அந்த மீனை இங்கே கொண்டுவரும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஏரிகளில் செய்கிற நாசம் போதும்.)

அவர்கள் படகுத்துறைக்கு அடியிலும் விழுந்த மரத்தின் நிழலிலும் வீசச் சொல்வார்கள். நமக்கு அந்த இடம் மதகடி, கலங்கலின் கீழ்ப்பக்கம், தண்ணீரில் சாய்ந்த சீமைக்கருவேல முள், நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், அல்லி இலைகளுக்கு இடையில் தெரியும் வெற்றிடம். பாஸ் எங்கே நிற்கிறது என்று தேடக் கருவி விற்கிறார்கள். விராலுக்கு அது வேண்டாம். மூச்சு வாங்க அதுவே மேலே வந்துதான் ஆக வேண்டும். கரையில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் 'குபுக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம். நாலைந்து முறை பார்த்தால் மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதுவரை தூண்டிலைத் தொடாதீர்கள். கரையில் தொம் தொம் என்று நடக்கவும் கூடாது.

இனி சாமான்.

அரை ஏக்கருக்குள் அடங்கும் குட்டை என்றால் ரீல் வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 10 முதல் 12 அடி நீள மூங்கில் கழி போதும். கல் மூங்கிலில், அடி கட்டியாகவும் நுனி வளையக்கூடியதாகவும் உள்ள கழியாகப் பார்த்து வெட்டி, நிழலில் இரண்டு மாதம் காயவிடுங்கள். கோணல் இருந்தால் தணலில் லேசாகக் காட்டி நிமிர்த்தலாம். கழியின் நீளத்துக்கே நரம்பு கட்டினால், அல்லி இலைகளுக்கு நடுவே ஒரு சாண் ஓட்டையிலும் சத்தமில்லாமல் இரையை இறக்கலாம். பல ஆயிரம் ரூபாய் ராடு வைத்திருப்பவர் இதைச் செய்யத் தனியாகப் பழக வேண்டும். நம் பெரியவர்கள் பழைய கழியிலேயே செய்தார்கள்.

ஏரிக்கரையில் 20, 30 அடி தள்ளி வீச வேண்டுமென்றால் ராடும் ரீலும் தேவை. ஆறரை முதல் ஏழு அடி ராடு. அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 'எம்' என்றால் நடுத்தரம், 'எம்எச்' என்றால் அதைவிடச் சற்று விறைப்பு. விராலுக்கு எம்எச் எடுங்கள். மெல்லிய ராடு ஆசையாக வளையும், ஆனால் கொடிக்குள் புகுந்த மீனை வெளியே இழுக்காது. பக்கத்திலேயே எத்தனை கிராம் எடை வீசலாம் என்றும் போட்டிருப்பார்கள். நீங்கள் கட்டப்போகும் பொய் இரை அதற்குள் அடங்க வேண்டும். ரீலில் 3000 அளவு போதும். அதில் பிரேக் திருகு ஒன்று இருக்கும். நரம்பு அறுவதற்கு முன் ரீல் வழுக்கி நரம்பை விட வேண்டும், அந்த அளவுக்கு முறுக்கி வையுங்கள்.

நரம்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைக் காஞ்சிபுரத்துத் தறிக்கார நண்பர் ஒருவரிடம்தான் புரிந்துகொண்டேன். ஒற்றை இழை நைலான் நரம்பையும், பல இழை பின்னிய நரம்பையும் கையில் வாங்கி, இழுத்துப் பார்த்து, நகத்தால் நீவிவிட்டு அவர் சொன்னது: "ஒத்தை இழை இழுத்தா குடுக்கும்ண்ணா. பின்னுனது குடுக்காது. ஆனா ஒரு இழை பிசிறிச்சுன்னா மொத்தமும் போச்சு." அவ்வளவுதான் சங்கதி. ஒற்றை இழை இழுவை கொடுப்பதால் கெண்டை, ஜிலேபி மாதிரி மெல்லிய வாய் மீனுக்கு நல்லது, 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர் போதும். விராலுக்கு மூங்கில் கழியில் கட்டினால் 0.40. ராடில் வீசுவதென்றால் பின்னிய நரம்பு, 30 அல்லது 40 பவுண்டு. அது அல்லித் தண்டை அறுத்துக்கொண்டு வரும், தூரத்தில் மீன் கடித்தாலும் கைக்கு உடனே தெரியும். விராலுக்குப் பல் உண்டு. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு முழ நரம்பை விரலால் நீவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

இன்னொரு சங்கதி. நைலான் 1938-ல் வெளிவருவதற்கு முன்பு ஐரோப்பாவில் தூண்டிலின் நுனி நரம்பைப் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்துத்தான் செய்தார்கள். வீசும் கயிறும் பின்னிய பட்டுதான். இதைச் சொன்னபோது அந்தத் தறிக்காரர், "பட்டு விக்கிற விலைக்கு மீனுக்கா?" என்று சிரித்தார்.

முள்ளின் எண் பலரைக் குழப்புகிறது. எண் கூடக் கூட முள் சின்னது. 10-ஆம் எண் சின்னக் கெண்டைக்கு, 6 நடுத்தர ஜிலேபிக்கு. 1-ஐத் தாண்டினால் கணக்கு திரும்பிவிடும். 1/0, 2/0, 3/0 என்று எண் கூடினால் முள்ளும் பெரிதாகும். விராலுக்கு 1/0 முதல் 3/0 வரை. வாங்கியதும் முள்ளின் எதிர்முனைச் செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் தப்பாது. வேண்டாத மீனைக் காயமில்லாமல் கழற்றலாம், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபமாக வரும்.

முடிச்சு: நரம்பை இரண்டாக மடித்து முள்ளின் காதில் நுழையுங்கள். மடித்த நரம்பாலேயே தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போடுங்கள். மீதமிருக்கும் வளையத்துக்குள் முள் முழுவதையும் நுழைத்தெடுத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். ஈரமில்லாமல் இறுக்கினால் உராய்ந்து சூடேறி அந்த இடத்திலேயே நரம்பு பலமிழக்கும். பின்னிய நரம்புக்கும் ஒற்றை இழைக்கும் இந்த ஒரே முடிச்சு போதும்.

எடைக்கு ஈயக்குண்டு வேண்டாம். தண்ணீரில் விழுந்த ஈயத்தைக் கல் என்று நினைத்துப் பறவைகள் விழுங்குகின்றன. பிரிட்டனில் அன்னங்கள் இப்படிச் செத்ததால் 1987-லேயே சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். நமக்கு வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கத்தில். அந்தப் பறவைகள் இரை தேடுவது நம் ஏரியிலும் கழனியிலும்தான். வலைக்குக் கட்டுவதுபோல் சுட்ட களிமண் குண்டு செய்துகொள்ளலாம், பழைய இரும்பு நட்டும் போதும். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சட்டைப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். கொக்கின் காலில் அது சுற்றினால் அவிழாது.

இரைக்கு வருவோம். கெண்டைக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை. விராலுக்கு மண்புழு போடலாம். ஆனால் உரக்குழியில் வளர்க்கிற சிவப்புப் புழு சின்னது, குஞ்சு மீன்களே கொத்திப் போய்விடும். வரப்போரம் கிடைக்கிற நாட்டுப்புழுவை இரண்டாகக் கோருங்கள். தவளையைக் கோர்ப்பது இங்கே பழைய வழக்கம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி கேட்காமல் பூச்சி தின்கிற ஜீவன் அது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் நாட்டில் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக ரப்பர் தவளை இருக்கிறது. பாஸ் மீன்காரர்களிடமிருந்து நமக்குக் கிடைத்த நல்ல சரக்கு இதுதான். உள்ளே காற்று, அதனால் மிதக்கும். இரட்டை முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் அல்லி இலைமேல் போட்டு இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். 5 சென்டிமீட்டர் அளவு வாங்குங்கள். கால்களாகத் தொங்கும் ரப்பர் இழைகள் நீளமாக இருந்தால் கொஞ்சம் கத்தரியுங்கள், மீன் வெறும் வாலைக் கடித்து விட்டுவிடுவது குறையும்.

வீசியதும் இழுக்காதீர்கள். வளையம் அடங்கட்டும். பிறகு தத்தித் தத்தி இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். வெற்றிடம் வந்தால் நன்றாக நிறுத்துங்கள், அடி விழுவது பெரும்பாலும் அங்கேதான். விரால் அடிக்கும் சத்தத்தில் கை தானாகத் துள்ளும். அப்போதே இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். மனசுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணி, நரம்பு கனத்து உள்ளே போவது தெரிந்ததும் ஓங்கி இழுங்கள். அதன் பிறகு நிதானம் காட்டாதீர்கள். தலையை மேலே வைத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விட்டால் கொடியைச் சுற்றிக்கொள்ளும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும், மாலை 5 மணிக்கு மேலும் நல்ல நேரம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறிப் பிராணவாயு குறைந்தால் கெண்டை சோர்ந்துவிடும். காற்றை நம்பியிருக்கும் விரால் அப்போதும் இரை எடுக்கும். குட்டை சுருங்கியிருக்கும் அந்த இரண்டு மாதந்தான் விராலைக் குறைக்க வசதியான காலம்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செம்மஞ்சளாக ஒரு குஞ்சுக் கூட்டம் பந்துபோல் நகர்ந்தால், அதன் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். அங்கே தவளையை எறிந்தால் உடனே அடிக்கும், பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்க. பிடிப்பது சுலபம், பிடிக்கக் கூடாது. காவல் போனால் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரை. பாஸ் மீனும் இப்படிக் கூடு காக்கும் என்பதால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தின் பல பகுதிகளில் அந்தப் பருவத்தில் பிடிக்கவே அனுமதி இல்லை. ஏரியில் இந்த விதியை நாமே வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தக் குட்டையில் விரால் வேண்டாம் என்றாலும், குஞ்சு பொரிக்கும் வரை விடாமல் கோடையிலேயே வேலையை முடித்திருக்க வேண்டும். ஏரியில் ஒரு அடிக்குக் குறைந்த விராலைக் கையை நனைத்துப் பிடித்துத் திருப்பி விடுங்கள்.

முழுவதும் பிடித்துவிடுவதா என்றால், ஜிலேபி இருக்கும் குட்டையில் வேண்டாம் என்பேன். ஜிலேபி வாயில் முட்டை அடைகாத்து, ஓயாமல் பெருகும். குட்டை முழுக்க விரல் நீளக் குஞ்சாக நிற்கும், ஒன்றும் வளராது. அந்தக் குஞ்சைத் தின்று கணக்கில் வைப்பது விரால்தான். ஆகவே நாலைந்தை விட்டுவையுங்கள். ரோகு, கட்லாவை 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த குஞ்சாக வாங்கி விடுங்கள். வரத்து வாய்க்காலில் புரட்டாசியிலேயே சின்னக் கண்ணி வலையைக் கட்டிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கடையில் விற்கும் ராடுகளில் பல கார்பன் இழையால் ஆனவை, மின்சாரம் பாயும். நம் கழனிகளில் பம்புசெட்டுக் கம்பி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். தலைக்கு மேல் பார்த்துவிட்டு வீசுங்கள். ஈரமான மூங்கிலுக்கும் இது பொருந்தும். இடி இடித்தால் சுருட்டிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்தது, ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். காஞ்சிபுரத்துக் கோயில் குளத்து மீன்கள் பொரி வாங்கித் தின்கிறவை, அவை தூண்டிலுக்கு அல்ல.

பிடித்த விரால் கையில் நிற்காது. அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும், அறுக்கும்போது வழவழப்பும் போகும். தலை, குடல், செதில் கழிவை எறியாமல், எடைக்கு எடை நாட்டு வெல்லம் சேர்த்து மூடி, நிழலில் 21 நாள் வைத்தால் மீன் அமிலம். வாடை போய்ப் பழவாசனை வந்தால் தயார். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து கத்தரிக்கும் வெண்டைக்கும் தெளிக்கலாம்.